இரண்டு எஞ்சின்களும் சுழன்ற நேரம்

பெரிய பயணிகள் விமானத்தை ஓட்டப் பயிற்சிக்குப் போகிறவர்கள், அதற்கு முன்னால் ஒரு சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தை ஐம்பது மணி நேரமாவது ஓட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் மைசூன் நினைத்திருந்தாள். தலைநகர் அம்மானில் அதைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு வாரியம் இருக்கிறது, அதற்கு நான்கு மாடிக் கட்டடமும் வாசலில் காவலரும் உண்டு என்று தெரிந்தபோதுகூட அவளுக்கு மரியாதைதான் வந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து காக்கிற விதி நல்ல விதியாகத்தான் இருக்கும் என்று நம்பி, ஐம்பத்து நான்கு மணி நேரம் எழுதிய பறப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள்.

கணக்குப் பிரிவில், எல்லோரும் மரியாதைக்கு 'சித்' என்று சேர்த்து அழைக்கும் இஃப்திகார் அம்மாள் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஏலக்காய் மணக்கும் காபியை ஒரு வாய் குடித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"ஹபீப்தி, கண்ணு, நீ நிறைய தடவை எஞ்சின் ஒன்ன நிறுத்திட்டுப் பறந்திருக்கியே?"

"அது பயிற்சி, சித். ஒரு எஞ்சின் நின்னுபோனா என்ன செய்யணும்னு கேப்டன் ஜிர்யெஸ் பழக்குவாரு."

"நின்னப்ப எத்தனை எஞ்சின் ஓடிச்சு?"

"ஒண்ணு."

"ஒண்ணு. இந்த வாரியத்தோட பேரு என்ன? வெளிய பலகையில இருக்கு, படிச்சிருப்ப."

"இரட்டை எஞ்சின் அனுபவ வாரியம்."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு சித் இஃப்திகார் கழிக்க ஆரம்பித்தாள்.

மைசூன் சிரித்தாள். வேடிக்கைக்குச் செய்கிறாள் என்று நினைத்தாள். சிவப்புப் பேனா நிற்காததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சித், ரெண்டு எஞ்சின் விமானத்துல கத்துக்க வேண்டியதே அதுதான். ரெண்டும் ஓடும்போது அதுல பெருசா ஒண்ணுமில்ல. ஒண்ணு நின்னாதான் வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். அப்பத்தான் ஆளு சாகுறான்."

"சாவுறதெல்லாம் இந்த மாடியில இல்லம்மா. விபத்துப் பிரிவு மூணாவது மாடி. இங்க நாங்க எஞ்சினை மட்டும்தான் எண்ணுறோம்." கழித்து முடித்து நிமிர்ந்தாள். "நாப்பத்தோரு மணி. இன்னும் ஒம்பது வேணும். உன் கூடப் படிச்சவங்க எல்லாம் ஒழுங்கா ரெண்டையும் ஓட்டிட்டு வந்து சான்று வாங்கிட்டுப் போயிட்டாங்க. உன்னை யாரு அவ்வளவு சிரமப்படச் சொன்னது?"

மற்ற ஆசிரியர்கள் மாணவர்களை சாக்கடல் வரை நேராகக் கூட்டிக்கொண்டு போய் நேராகத் திருப்பிக் கொண்டுவருவார்கள். கேப்டன் ஜிர்யெஸ் மட்டும்தான் பேச்சு நடுவே, மாணவி ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் நேரமாகப் பார்த்து, ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். நல்ல ஆசிரியரிடம் படித்ததற்காக மைசூனுக்குப் பதின்மூன்று மணி நேரம் அபராதம் விழுந்தது.

விமான நிறுவனம் ஈதுப் பெருநாள் முடிந்ததும் புதிய அணியை எடுக்கிறது. அடுத்த அணி எப்போது என்று யாருக்கும் தெரியாது. எப்போது வந்தாலும் அதற்குள் அவளுடைய வயது வரம்பைத் தாண்டிவிடும். இப்போதைக்குப் பெரிய விமான நிலையத்தில் பயணிகளின் சீட்டைக் கிழித்து விமானத்துக்குள் அனுப்பும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்ச ஒன்பது மணி நேரத்தை ஈதுக்குள் பறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அவளுடைய பறப்புப் பள்ளி இருந்த பழைய விமானத்தளத்துக்குப் போனாள்.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு இரட்டை எஞ்சின் விமானம். அது கொட்டகைக்கு முன்னால், மூன்று சக்கரங்களும் சங்கிலியால் தரையோடு கட்டப்பட்டு, இரண்டு விசிறிகளும் சுற்ற, நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஃபவ்வாஸ் உட்கார்ந்திருந்தான். வாரியத் தலைவருடைய அக்கா மகன். மடியில் ஃபலாஃபெல் வடைப் பொட்டலம். கண்கள் மூடியிருந்தன.

"என்ன இது?" என்று கேட்டாள்.

கேப்டன் ஜிர்யெஸ் ஒரு டயர் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "அனுபவம்," என்றார்.

"புரியல, கேப்டன்."

"புது உத்தரவு. 'இரண்டு எஞ்சின்களும் சுழன்ற நேரம்' எல்லாம் அனுபவம். பறக்கணும்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. நானே மூணு தடவை படிச்சுப் பாத்தேன். மேல போனா ஒண்ணு நின்னு தொலைக்கும், நேரம் கழிஞ்சுபோகும். தரையில கட்டிப்போட்டா ரெண்டும் ஓடும். காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் வரிசை, ஈது வரைக்கும் பறக்க இடமே இல்ல. அந்தத் தூங்குமூஞ்சிக்கு நேத்தோட முப்பது மணி."

"ஒரு மணிகூடப் பறக்காமலா?"

"அவன் ரொம்ப பத்திரமா ஓட்டுறான்னு மேலருந்து பாராட்டு வந்திருக்கு." ஜிர்யெஸ் சிகரெட்டைக் காலால் நசுக்கினார். "பறக்குறதுக்குன்னு செஞ்ச எஞ்சின் இது. முன்னால போற வேகத்துல வர்ற காத்துதான் இதைக் குளுமையா வெக்கும். நிக்கவெச்சே ஓட்டினா பின்னால இருக்குற சிலிண்டர் எல்லாம் வெந்துபோகும். எழுதிக் கொடுத்தேன். எஞ்சின் சூட்டைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லைன்னு பதில் வந்துச்சு."

உறுமும் விமானத்தின் வால் நடுங்கிக்கொண்டே இருந்தது. கட்டிப்போட்ட கோவேறு கழுதையொன்று தான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாக நம்புவது போல இருந்தது அது. தளத்தை அடுத்த குடியிருப்பில் பெண்கள் புகைக்குப் பயந்து துணிகளை மொட்டைமாடியின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

அந்த வாரத்தில் வாரியம் ஒரு ஹோட்டலில் பறப்புப் பாதுகாப்புக் கூட்டம் நடத்தியது. தலைவர் நுஃமான் பெக் பேசினார். அரசாணைப்படி அவரை 'அதூஃபா' என்று அழைக்க வேண்டும். அமைச்சருக்கு ஒரு படி கீழே, மற்ற எல்லோருக்கும் ஒரு படி மேலே. வெறும் 'பெக்' என்று அழைத்துவிட்ட ஒரு செய்தியாளர் அன்று மாலைவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாம் பெருமைப்பட வேண்டும்," என்றார் அதூஃபா. "புதிய முறை வந்த பிறகு பயிற்சியில் ஒரு விபத்துகூட இல்லை. உலகத்தில் எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் நின்றுகொண்டிருந்த விமானம் எதுவும் இதுவரை விழுந்ததில்லை."

கைதட்டினார்கள். மைசூனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"சில ஆசிரியர்கள் வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்துகிறார்கள். இது எப்படிப்பட்ட மனநிலை? பிள்ளைகளுக்கு நாம் நம்பிக்கையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா, அவநம்பிக்கையையா? எஞ்சின் நிற்கும் என்று எதிர்பார்க்கிறவனிடம்தான் எஞ்சின் நிற்கிறது."

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. ஸர்க்கா சாலையில் டயர் கடை வைத்திருக்கும் அவள் தந்தை அபு நாயிஃப் நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் யாரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுத் துளைப்பதில்லை. கடைசியில் அவளே சொன்னாள்.

"யாபா, என் எஞ்சினை எடுத்துக்கிட்டாங்க."

அபு நாயிஃப் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒருவருடைய பொருளை இன்னொருவர் வைத்துக்கொண்டு தர மறுத்தால் அதற்கு வழி உண்டு. குடும்பத்துப் பெரியவர்களைத் திரட்டி, ஜாஹா என்னும் தூதுக்குழுவாகப் போக வேண்டும். பெண் கேட்கப் போவார்கள், கொலைப்பகைக்குச் சமாதானம் பேசப் போவார்கள். எஞ்சின் கேட்டு யாரும் போனதில்லை என்று அவருடைய தம்பி சொன்னார். "இப்ப போவோம்," என்றார் அபு நாயிஃப்.

ஒன்பது பேர் போனார்கள். தங்கக் கரை போட்ட மேலங்கிகளோடு அவர்கள் வாரியத்தின் மின்தூக்கியில் இரண்டு தடவையாக ஏறினார்கள். மைசூன் வராந்தாவில் நின்று திறந்த கதவு வழியே பார்த்தாள். அதூஃபாவின் அறையில் எல்லோரும் உட்கார்ந்ததும் காபி வந்தது. மூத்தவரான ஹாஜ் மிஃப்லிஹ் கோப்பையை வாங்கினார், குடிக்காமல் எதிரே வைத்தார். மற்ற எட்டுப் பேரும் வைத்தார்கள். கேட்டது கிடைக்கும் வரை குடிப்பதில்லை. வந்தவர்களுடைய காபியை ஆறவிட்டு அனுப்புகிறவன் தன் வீட்டுப் பெயரைச் சந்தையில் போட்டு மிதிக்கிறான் என்று அர்த்தம். அதை அதூஃபாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்க பொண்ணோட எஞ்சின் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு," என்றார் ஹாஜ் மிஃப்லிஹ். "அவ உழைச்சுச் சம்பாதிச்சது. திருப்பிக் கொடுங்க."

அதூஃபா ஒன்பது கோப்பைகளையும் பார்த்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"குடிங்க ஹாஜ். உங்களுக்கு இல்லாததா? சங்கிலியை அவிழ்க்கச் சொல்றேன். பாக்கியுள்ள நேரத்தை அவ பறந்தே முடிக்கட்டும். கடைசிப் பறப்புக்கு நானே வந்து பின்னால உக்காந்து, இறங்கின உடனே என் கையால கையெழுத்துப் போடறேன். இது என் மீசை மேல ஆணை."

ஒன்பது பேரும் குடித்தார்கள். வெளியே வந்ததும் ஹாஜ் மிஃப்லிஹ் மைசூனின் தலையில் கை வைத்து, "எஞ்சின் வந்தாச்சு, போ," என்றார்.

சங்கிலி அவிழ்ந்தது. மைசூன் இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்து பறந்தாள். ஜிர்யெஸ் இந்த முறை எஞ்சினைத் தொடவே இல்லை. கை அரிக்கிறது என்று மட்டும் அடிக்கடி சொன்னார். கடைசிப் பறப்புக்கு முதல் நாள் அவர் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

"எப்படி இருக்கு, கேப்டன்?"

"பாக்குற வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கல."

அதூஃபா புதிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அவருடன் வந்த புகைப்படக்காரர் கீழேயே நின்றுவிட்டார். விமானம் கிளம்பி, வெளுத்த மலைகளுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது இடது எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு விமானமே உதறியது. மூடியின் விளிம்பிலிருந்து எண்ணெய் கறுப்பாக வழிந்து பின்னால் ஓடியது.

மூக்கு இடப்பக்கம் இழுத்தது. மைசூனின் வலது கால் அவள் யோசிப்பதற்கு முன்பே மிதியை அழுத்தியிருந்தது. எது செத்தது என்று வாய்விட்டுச் சொல்லி, சரிபார்த்து, எரிபொருளை நிறுத்தி, அந்த விசிறியின் இதழ்கள் காற்றுக்கு விளிம்பைக் காட்டும்படித் திருப்பினாள். விசிறி நின்றது. ஜிர்யெஸ் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அவளுக்குக் கொடுத்த மதிப்பெண் அந்த மௌனம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

பின்னாலிருந்து அதூஃபா அவளுடைய இருக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நின்னுபோச்சு! யம்மா, ஒண்ணு நின்னுபோச்சு!"

"தெரியும், அதூஃபா."

"இன்னொண்ணு போதுமா? ஒண்ணு போதுமா?"

"போதும். இதைத்தான் படிச்சேன்."

"நீ நல்லா இருப்ப மகளே, உன் வீட்டு வாசலுக்கு நான் மன்ஸஃப் விருந்துத் தட்டோட வர்றேன், என்னை மட்டும் கீழ கொண்டுபோய்ச் சேர்த்துடு..."

சேர்த்தாள். சக்கரங்கள் தரையைத் தொட்டது அவருக்குத் தெரியவே இல்லை. ஓடுபாதை முடிந்து விமானம் நின்ற பிறகும் அவர் இருக்கையை விடவில்லை. அவருடைய விரல்களை ஜிர்யெஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அதூஃபா கீழே இறங்கி, மைசூனின் நெற்றியில் முத்தமிட்டு, "நீ என் பொண்ணு," என்று சொல்லி அழுதார். புகைப்படக்காரர் அதைப் படம் பிடித்தார்.

இறங்கின உடனே போடுவதாகச் சொன்ன கையெழுத்தை அவர் போடவில்லை. கை நடுங்குகிறது என்றார். ஈதுக்கு முந்தின வேலைநாளில் வாரியத்துக்கு வரச் சொன்னார்கள்.

அவருடைய அறையில் இப்போது காபி இல்லை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து வாரியத்தின் முத்திரை பார்த்துக்கொண்டிருந்தது. அதூஃபாவின் கை நடுக்கம் முழுவதுமாகப் போய்விட்டிருந்தது.

"உட்காரு மகளே. உன்னை மாதிரி ஒரு ஓட்டுநரை நான் பார்த்ததில்ல. அதை எங்க வேணும்னாலும் சொல்வேன். ஆனா அந்தப் பறப்புல, எஞ்சின் நின்ன நிமிஷத்துலருந்து தரைக்கு வர்ற வரைக்கும், எத்தனை எஞ்சின் ஓடிச்சு?"

மைசூனுக்கு முதலில் கேள்வி காதில் விழவில்லை. விழுந்த பிறகும் அது மனிதன் கேட்கக்கூடிய கேள்வி என்று நம்ப முடியவில்லை.

"அதூஃபா, நீங்க உள்ள இருந்தீங்க."

"இருந்ததாலதான் சொல்றேன். வேற ஒருத்தர் சொன்னா சந்தேகப்படலாம். நானே கண்ணால பாத்தேன், ஒண்ணுதான் ஓடிச்சு. நானே சாட்சி. இருவது நிமிஷம் குறையுது."

"அந்த இருபது நிமிஷத்தாலதான் நீங்க உயிரோட இருக்கீங்க."

"அதுக்கு நான் தனியா நன்றி சொல்லிட்டேன். நன்றி வேற, விதி வேற. எனக்கு உயிர் கொடுத்தவங்கன்னு விதியை வளைச்சா நாளைக்கு எல்லாரும் எனக்கு உயிர் கொடுக்கக் கிளம்பிடுவாங்க."

"பெரியவங்களுக்கு வாக்குக் கொடுத்தீங்க. குடிக்கச் சொன்னீங்க."

"காப்பாத்தினேனா இல்லையா? பறப்புக்கு வர்றேன்னு சொன்னேன், வந்தேன். கையெழுத்துப் போடறேன்னு சொன்னேன்." பேனாவைத் திறந்து, இருபது நிமிடத்தைக் கழித்த இடத்தில் அழகாகக் கையெழுத்திட்டார். "போட்டுட்டேன். எதுல போடுவேன்னு ஹாஜ் கேக்கல. மனசைத் தளரவிடாத. விமானம் பழுதுபாத்து வந்ததும் இருபது நிமிஷம்தானே?"

விமானம் பழுதுபார்த்து வரவில்லை. எஞ்சின் போனதற்குக் காரணம் அது தரையை விட்டு எழும்பியதுதான் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது. ஈது முடிந்தது. அணி போய்விட்டது. அதில் ஃபவ்வாஸ் இருந்தான். அவனுடைய பதிவேட்டில் ஐம்பத்தேழு மணி நேரம், ஒரு கழிவும் இல்லாமல், சுத்தமாக.

அபு நாயிஃப் கடையைத் திறக்கவில்லை. ஹாஜ் மிஃப்லிஹ் அந்தக் காபியைக் குடித்த வாயை மூன்று தடவை கழுவியதாகச் சொன்னார்கள். மைசூன் விமான நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுக்கு மட்டும் போய், சங்கிலியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். "சான்று இருக்கே," என்றார்கள். அவள் திரும்பி வந்து சீட்டுகளைக் கிழித்தாள். ஒவ்வொரு நாளும் வரிசையாக வரும் முகங்களைப் பார்த்து, நல்ல பயணமாக இருக்கட்டும் என்றாள்.

அடுத்த கோடையில் ஒரு நாள் காலை, இஸ்தான்புல் போகும் விமானத்துக்கு அவள் வாசலில் நின்றாள். முதல் ஆளாக அதூஃபா வந்தார். இஸ்தான்புல்லில் பறப்புப் பாதுகாப்பு மாநாடு. அவளைப் பார்த்ததும், "என் பொண்ணு!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, கையில் காகிதக் கோப்பையோடு உள்ளே போனார். முன்வரிசை இருக்கை அவருக்கு.

வரிசை பாதி குறைந்திருந்தபோது, விமானத்துக்குள் போகும் கூண்டுப் பாதையில் எதிர்த்திசையில் யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. அதூஃபா. கோப்பை இன்னும் கையிலேயே இருந்தது. முகம் அன்றைக்கு மலைகளுக்கு மேலே இருந்தது போல இருந்தது.

"நான் போகல. இறங்கிட்டேன்."

"என்ன ஆச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒலிபெருக்கியில பேரு சொன்னாங்க. துணை ஓட்டுநர் பேரு."

மைசூனுக்கு அந்தப் பெயர் தெரியும். காலையில் அவன் கதவு வழியே போகும்போது அவனுடைய புதிய தொப்பியைப் பார்த்திருந்தாள்.

"உங்க அக்கா பையன்தானே. பெருமையா இருக்கணுமே. அவன் தேறினதுக்கு மன்ஸஃப் போட்டீங்களே."

"அது வேற," என்றார் அதூஃபா.

ஏறிய பயணி இறங்கினால் அவருடைய பெட்டியையும் சரக்கறையிலிருந்து தேடி எடுத்த பிறகுதான் விமானம் கிளம்ப முடியும். ஏன் இறங்குகிறார் என்று கேப்டனுக்குச் சொல்ல வேண்டும். மேசையில் இருந்த ரேடியோ கரகரத்தது. "வாசல், எதுக்கு ஒருத்தர் இறங்குறாரு? காரணம் சொல்லுங்க."

"வயித்து வலின்னு சொல்லிடு," என்றார் அதூஃபா. "மகளே, வயித்து வலி."

அவள் ரேடியோவை எடுத்தாள்.

அதூஃபா அவளைப் பார்த்தார். பிறகு, தானறியாமலோ அறிந்தோ, கையிலிருந்த காகிதக் கோப்பையை மேசைமேல், அவளுக்கு எதிரே வைத்தார். அதிலிருந்து ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. ஏலக்காய் மணம் வந்தது. கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு மைசூனைப் பார்த்தார். பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அந்த ஊரில் அதைப் பார்த்துப் புரியாதவர் இல்லை.

"அந்த இருபது நிமிஷத்தைத் திருப்பித் தர்றேன்," என்று அவர் முணுமுணுத்தார். "வயசு வரம்புக்கும் விலக்கு வாங்கித் தர்றேன். நாளைக்கே. என் மீசை மேல ஆணை. 'குடிங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு."

மைசூன் அந்தக் காபியை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குள்ளே ஒரு வருடமாக உறுமிக்கொண்டிருந்தது அப்போது ஓசையே இல்லாமல் இருந்தது. இருபது நிமிடத்தை நினைத்தாள். விமானத்துக்குள் ஏற்கெனவே உட்கார்ந்து இடுப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருக்கும் எண்பது பேரை நினைத்தாள். ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள்.

"வாசல்லருந்து கேப்டனுக்கு. இறங்குறவரு இரட்டை எஞ்சின் அனுபவ வாரியத்தோட தலைவரு. உங்க துணை ஓட்டுநருக்குச் சான்று கொடுத்தவரு. அவரோட மாமா. துணை ஓட்டுநர் யாருன்னு இப்பத்தான் கேள்விப்பட்டாராம். அதனால இறங்குறாரு. பெட்டியை எடுங்க."

விமானத்தின் மூக்கில், ஓட்டுநர்களுடைய சின்ன அறையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பார்கள்.

வரிசையில் முதலாவதாக, தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். நீட்டிய சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் வயித்து வலி," என்றாள்.

கிழவர் விலகி நின்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் விலகினார். கூண்டுப் பாதையில் நின்றவர்கள் வாய்வழியாகச் செய்தி உள்ளே போயிருக்க வேண்டும்; அதன் மறுகோடியில், உள்ளே ஏறியிருந்தவர்கள் எழுந்து தலைக்கு மேலிருந்த பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மேசையின் மேல் காபி ஆறிப்போயிருந்தது.